கதவுக்கு ஒரே மனம் வேண்டும்

வியாழனின் நிலவு யூரோப்பா, பனித்தரை நிலையம்
பணிநாள் 212, காலை 6.10

காற்று சரி. அழுத்தம் சரி. ஆட்கள் இருவர்: பிலோமினா ஆகிய நான், என் கணவன் கஸ்பார். துளைக்கருவியில் பனி பிடித்திருக்கிறது. சுரண்டுவதற்கு அவன் வண்டியில் போயிருக்கிறான்.

நான் அவனோடு பேசவில்லை. என் அம்மா இறந்த செய்தி வந்து ஆறு மாதமாகிறதாம். வேலை கெட்டுவிடும் என்று மறைத்துவைத்திருக்கிறான். நேற்றுதான் கண்டுபிடித்தேன். அதுவரை அம்மாவுக்குப் பேசிப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தேன். பதில் வராததற்கு சிக்னலைத் திட்டினேன்.

காலை 9.40

வண்டி பனிப்பிளவில் சரிந்துவிட்டது. அவன் கால் அதன் அடியில் மாட்டியிருக்கிறது. காற்று மாலை வரை வரும்.

வானொலியில் அவன்: “பிலோ, கோவத்த அப்புறமா வச்சுக்கலாம்ட்டி. மொதல்ல வா.”

கிடந்து சாவட்டும் என்று திட்டிக்கொண்டே உடையை மாட்டினேன். அவசரத்தில் கொக்கியை இரண்டு முறை தவறவிட்டேன்.

காலை 10.05

வெளிக்கதவு திறக்க மறுக்கிறது. முன்பு ஒருவர் அரை மனதோடு வெளியே போய்த் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டார். அதிலிருந்து இந்தக் கதவு மனதைப் படித்துப் பார்த்துத்தான் ஆளை விடும்.

திரையில்: “காப்பாற்ற விருப்பம் உண்டு. சாக விட விருப்பமும் உண்டு. அனுமதி இல்லை.”

உண்மைதான். இதைப் படிப்பவர் யாராயிருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டும் நான்தான். அதற்கென்ன இப்போது? இரண்டையும் வைத்துக்கொண்டுதானே இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்? கதவை உதைத்தேன். கம்பியால் நெம்பினேன். அது அசையவில்லை.

பகல் 1.30

மருத்துவ இயந்திரம் வழி சொல்கிறது. இரண்டில் ஓர் உணர்வை நீக்கலாம். நீக்கினால் திரும்பாது.

கோபத்தைத்தான் நீக்க வேண்டும். ஆனால் அம்மாவுக்காக என்னிடம் இருப்பதே அந்தக் கோபம்தான். அவளுக்காக நான் இன்னும் ஒழுங்காக அழக்கூட இல்லை.

வானொலியில்: “மூச்சு முட்டுதுட்டி.”

பாவி. சண்டாளன். என் கஸ்பாரு. இயந்திரத்திடம் தலையைக் கொடுத்துவிட்டேன். அம்மா, மன்னித்துக்கொள்.

பகல் 2.15

கோபம் நீக்கப்பட்டது. அதே வேரில் இருந்த மற்றவையும் சேர்ந்து வந்துவிட்டதாக இயந்திரம் தெரிவிக்கிறது. வலி இல்லை.

கதவு உடனே திறந்தது. திரையில்: “ஒரே மனம். அனுமதி.”

வாசலில் நின்று பார்த்தேன். வண்டியின் விளக்கு தெரிகிறது. நடக்கும் தூரம்தான். போவதற்கு ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. வெப்பம் வீணாகிறது என்று கதவை மூடினேன்.

மாலை 4.50

வானொலியில்: “பிலோ, கதவு தொறந்தத அப்பவே பாத்தேன். வந்துட்டிருக்கியாட்டி?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒலியைக் குறைத்தேன்.