துளசிக்கு ஊற்றிய தண்ணீர்

மே மாதம், வியாழக்கிழமை இரவு. திருப்பதி.

குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. செடிகளுக்கு ஊற்றக் கூடாது என்று ஆட்டோவில் தெலுங்கில் அறிவித்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரமாக, துணி அலசிய தண்ணீரை யாருக்கும் தெரியாமல் துளசிக்கு ஊற்றுகிறேன். பெருமாளுக்குச் சாத்துகிற துளசிக்கு அது ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் செடி காய்ந்துகொண்டிருந்தது.

இன்று காலை அப்பா பூக்குடலை நிறையப் பறித்தார்.

“பாத்தியாடி, எப்படித் தழைச்சிருக்கு! எல்லாம் என் சொம்பு ஜலம்.”

“எந்தச் சொம்புப்பா?”

“நான் குடிக்கற சொம்புதான். தினம் பாதியை இதுக்கு விட்டுடறேன். அம்மா கிட்ட உளறாதே, கத்துவா.”

அவர் உதடு வெடித்திருந்தது. வெயிலால் என்று நினைத்திருந்தேன்.

அலசிய தண்ணீரைப் பற்றிச் சொன்னால் அந்தச் செடியில் இனி ஓர் இலைகூடப் பறிக்க மாட்டார். வீட்டில் வேறு துளசி இல்லை. சொல்லாவிட்டால் பாதிச் சொம்புதான் குடிப்பார்.

நாளை அவர் குடலையை எடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே, “அப்பா, நீங்க தண்ணியை முழுசாக் குடிங்கோ” என்றுதான் முடிகின்றன.