பலகையும் பரவாயில்லையும்

ஜனவரி 20, திங்கள்

எம்.இ. இறுதியாண்டுக்கு ஆய்வு முறையும் புள்ளியியலும், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு. இந்த டைம்டேபிளைப் போட்டவருக்கும் எனக்கும் ஏதோ முன்பகை இருக்க வேண்டும்.

'கருதுகோள் என்றால் என்ன?' என்று கேட்டேன். பிரியதர்ஷினி எழுந்து, "நம்ம மனசுல எது நடக்கணும்னு ஆசைப்படுறமோ அது மேம்" என்றாள். தப்பு. ஆனால் இந்த வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் நிஜம். திருத்துவதற்கு முன்னால் சிரித்துவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

சாலமன் கேள்வித்தாளோடு வந்தான். மரக்காணத்துப் பையன். அவன் அம்மா மேரிசெல்வி உப்பளத்தில் வேலை செய்கிறார். பாத்தியில் விளைந்த உப்பை இழுத்துக் குவிக்கும் மரப்பலகைக்குப் பதிலாக, ஃபைபரில் லேசாக ஒன்று செய்திருக்கிறான். குனியாமல் இழுக்க நீளமான கைப்பிடி. அதுதான் அவன் பிராஜெக்ட். அளத்துப் பெண்களிடம் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

ஐந்து கட்டங்கள்: மிக நல்லது, நல்லது, நடுநிலை, மோசம், மிக மோசம். 'நடுநிலை' என்றால் உப்பளத்தில் யாருக்குப் புரியும்? அடித்துவிட்டு 'பரவாயில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

எல்லோரும் பரவாயில்லை!

எல்லோரும் என்றால் எல்லோரும்தான். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, அத்தனை டிக்கும் நடுக்கட்டத்தில். "எக்செல்ல ஏதாச்சும் தப்பா மேம்?" என்றான் சாலமன். இத்தனை வருஷம் பாடம் எடுக்கிறேன், திட்ட விலக்கம் பூஜ்யம் என்று வந்து இன்றுதான் பார்க்கிறேன். சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மே மாதம் வைவா முடித்தால்தான் ஸ்ரீபெரும்புதூர் வேலை அவனுக்கு. முடிக்காவிட்டால் வேறு யாருக்கோ போய்விடும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

துறைத் தலைவர் ஆதிமூலம் சார் கூப்பிட்டார். "ஏம்மா, ஒரு பத்து பேரை 'நல்லது'க்குத் தள்ளி வுட்டா முடிஞ்சிபோச்சி. உப்பளத்துல போய் எவன் கேக்கப் போறான்?"

"நான் கேப்பேன் சார்."

சொல்லும்போது வீரமாகத்தான் இருந்தது. என் இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அந்த வீரம் போய்விட்டது. அந்தக் கட்டத்தில் அந்த வார்த்தையைப் போட்டது யாரு? நான்தானே. புள்ளைக்கு வேலை போச்சின்னா நான் என்ன பதில் சொல்வேன்?

பிப்ரவரி 19, புதன்

சராசரி பற்றி வகுப்பு. இரண்டு ஜோக் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, நான் உட்பட.

பிப்ரவரி 22, சனி

மதியம் கத்தரிக்காய் காரக்குழம்பு. எப்படி இருக்கிறது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார் புருஷோத்தமன்.

கரண்டியோடு அப்படியே நின்றேன். இந்த மனிதர் நன்றாக இருந்தாலும் அதைத்தான் சொல்வார், வாயில் வைக்க முடியாவிட்டாலும் அதைத்தான் சொல்வார். பஸ்ஸில் யாராவது காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் அதேதான். அது நடுக்கட்டமே இல்லை. மனசு நோகாமல் பேச்சை முடிக்கிற வார்த்தை. குழம்பு எப்படி என்று தெரிய வேண்டுமானால், இரண்டாம் முறை ஊற்றிக்கொள்கிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். நேராக மோருக்குப் போய்விட்டார்.

"ஏன் மதி, அப்பிடிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல, டேட்டா" என்றேன்.

கை கழுவிய உடனே சாலமனுக்கு போன். "டேய், இனிமே எப்பிடி இருக்குதுன்னு கேக்காதே. காலையில பழைய பலகை, புதுப் பலகை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிடு. எது புடிக்குதோ எடுத்துக்கட்டும். பிரியதர்ஷினி வந்து எண்ணிக்குவான்னு அவங்ககிட்ட சொல்லிடு. நீ மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது."

மார்ச் 4, செவ்வாய்

ஒரு வாரம் அளத்துக்குப் போய்வந்த பிரியதர்ஷினி, வெயிலில் கறுத்துப்போய் வந்து நின்றாள். புதுப் பலகையை ஒருவர்கூட எடுக்கவில்லை.

"அப்போ எங்கம்மாவும்?" என்றான் சாலமன்.

அவள் தாளில் புதுப் பலகைக்கு நேரே இருந்த பூஜ்யத்தைக் காட்டினாள்.

மார்ச் 5, புதன்

சாலமன் நேற்று வீட்டுக்குப் போய் அம்மாவிடமே கேட்டுவிட்டான். "நீ கையெல்லாம் கொப்புளிக்க செஞ்சியே, உன்கிட்ட எப்பிடிடா சொல்றது? கைப்பிடி நீளம். எங்க எல்லாருக்கும் தோளு புடிச்சிக்கிது" என்றாராம்.

கைப்பிடியை எந்த உயரத்துக்கு வைத்தாய் என்று கேட்டேன். தானே நிமிர்ந்து நின்று இழுத்துப் பார்த்து வைத்தானாம். இவன் ஆறடி. இழுக்கிறவர்களில் பாதிப் பேர் இவன் தோளுக்குக்கூட வரமாட்டார்கள். சொல்லும்போதே அழுதுவிட்டான். எனக்குக் கோபம் வந்தது, அவன்மேல் பாதி, இந்த அளவை ஒரு தடவைகூடக் கேட்காத என்மேல் பாதி.

"தோத்துப்போன பலகைக்கு எம்.இ. பட்டமாம்மா?" என்றார் ஆதிமூலம் சார். தோற்றதைத் தோற்றது என்று எழுதினாலும் அது முடிவுதான் என்றேன். கைப்பிடியை வேறு வேறு அளவில் வெட்டி மறுபடி வைக்கப் போகிறோம்.

மார்ச் 21, வெள்ளி

புதுக் கேள்வித்தாளில் கட்டமே கிடையாது. ஒரே வரிதான்: 'இதில் என்ன குறை?' குறை சொல்வதுதான் மரியாதை என்று ஆகிவிட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். வழுக்குது, எடை பத்தல, கலரு நல்லால்ல. எழுத இடம் போதாமல் தாளைத் திருப்பி எழுதியிருக்கிறாள் பிரியதர்ஷினி.

ஏப்ரல் 11, வெள்ளி

குட்டைக் கைப்பிடிப் பலகைகள் காலையிலேயே தீர்ந்துபோகின்றனவாம்.

மே 28, புதன்

சாலமனுக்கு வைவா. வெளியிலிருந்து வந்த பரிசோதகர் முதல் பலகையின் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டார். "ஒருத்தரும் எடுக்கலன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, இதை வுட்டுட்டு எழுதியிருக்கலாமே?"

"அதை மறைச்சிருந்தா ரெண்டாவது பலகையே வந்திருக்காது சார்" என்றான்.

பாஸ். முதலில் கைதட்டியது ஆதிமூலம் சார்.

ஜூன் 20, வெள்ளி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சாலமன் போன் செய்தான். வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை, மீதியெல்லாம் பலகை. "மேம், அம்மா தினமும் அதைத்தான் எடுக்குறாங்க. ஆனா போன் எடுத்தா ஒரே திட்டு. ஓரம் கையைக் கிழிக்குதாம். 'என்னாத்தடா படிச்ச, ஒழுங்கா தேச்சிக் குடுக்கத் தெரியாதா'ன்னு கேக்குறாங்க."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை வந்து தேய்த்துக் கொடுக்கப் போகிறானாம்.