அண்ணன் கையில் காலிக் கலயம்

1936 ஜனவரி 9, வியாழன்
எழுந்ததும் முதல் வேலையாகக் கூடத்துத் தரையில் சாக்கட்டியால் கோடு இழுத்து, குதிகாலும் விரலும் தொட அதன்மேல் நடந்தேன். இரண்டு தடவை இடப்பக்கம் சரிந்தேன். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. தூக்கக் கலக்கம் என்று வைத்துக்கொள்வோமா? சரி, தூக்கக் கலக்கம்.

நாளை மறுநாள் கோயம்புத்தூர் டாக்டர் சினிமாப் பெட்டியோடு வருகிறார். இந்தத் தள்ளாட்ட நோய் உள்ள குடும்பங்களைச் சின்னப் படமாக எடுத்து, மதராஸில் மற்ற டாக்டர்களுக்குக் காட்டுவாராம்.

ஜனவரி 10
அண்ணன் ரத்தினசாமி கள்ளைத் தொட்டதே இல்லை. ஆனால் வேலந்தாவளம் மாட்டுச் சந்தை முழுக்க அவருக்குக் குடிகாரர் என்று பேர். பரப்பியது அவர் மனைவி, மருதாத்தாள் நங்கைதான். மகள் பாவாத்தாளுக்கு வரன் பார்க்கிறார்கள் அல்லவா.

‘குடிகாரன் ஊட்டுல பொண்ணு எடுப்பாங்க அம்மிணி. ரத்தத்துல ஓடற சீக்குன்னா வாசப்படி மிதிப்பாங்களா?’

நங்கை இப்படிச் சொன்னதும், பி.ஏ. படித்த நான் போய்க் கூடத்துக் கோட்டைத் துடைத்தேன்.

ஜனவரி 11
டாக்டரின் சினிமாப் பெட்டிக்கு முன்னால் அண்ணன் கோட்டும் தலைப்பாகையுமாக, மூச்சுக்கூட விடாமல் நின்றார். நங்கையும் பாவாத்தாளும் அப்படியே. பின்னால் கட்டியிருந்த எருமை மட்டும் அசைந்தது.

‘நடங்க கவுண்டரே! நடந்தாத்தான் படம்!’

‘ஏனுங்க, போட்டோக்காரன் ஆடாம நில்லுன்னுதானுங்க சொல்லுவான்?’

ஒருவழியாக அண்ணன் காலை எடுத்து வைத்தார். உடனே நங்கை ஓடிப்போய் அவர் கையில் ஒரு காலிக் கள்ளுக் கலயத்தைத் திணித்துவிட்டாள்! பிடுங்கப் போனால் படச்சுருள் தீர்ந்துவிடும். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினார்.

‘உங்களுக்கு இந்தத் தொந்தரவு உண்டா?’ என்று என்னைக் கேட்டார்.

‘இல்லை’ என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஜனவரி 30
கோட்டில் நான்கு தடவை சரிந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்
டாக்டரிடமிருந்து கடிதம். படத்தைப் பார்த்தவர்கள், ‘கள்ளுக்கடைக்கு அனுப்ப வேண்டியவனை எங்களிடம் காட்டுகிறீரே’ என்று சிரித்தார்களாம். ஞாயிறன்று திரும்ப வருகிறார். வேறு யாராவது நடந்து காட்டுவார்களா என்று கேட்கிறார்.

அதைப் படித்தபடி படி இறங்கினேன். கால் தடுமாறியது; பாவாத்தாள் வந்து தாங்கினாள். பிறகு என் வாய்ப் பக்கமாக மூக்கைக் கொண்டுவந்து மோந்தாள்.

‘அத்தே... அப்பனாட்டம் நீங்களுமா கள்ளுக் குடிக்கறீங்க?’

அட கடவுளே. அவளும் குடி என்றே நம்பிக்கொண்டுதான் இருக்கிறாள். இந்தச் சீக்கு அவள் ரத்தத்திலும் ஓடலாம் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை கோட்டின்மேல் நான் நடப்பேன். பாவாத்தாளைக் கிட்டே உட்காரவைத்துப் பார்க்கச் சொல்வேன். நங்கையிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் எனக்கும் ஒரு கலயம் தேடிவிடுவாள்.