பெயர் போடாத ஜெபக் குறிப்பு

ஜூன் 11, செவ்வாய்

பாப்பாவுக்கு இன்று நாற்பத்தொரு நாள். எடை நாலு கிலோ நூறு. என் பிரசவ விடுப்பில் எனக்குப் பதிலாகப் பள்ளியில் வேதியியல் எடுக்க வந்திருக்கும் பெண், ஆய்வகச் சாவி எங்கே என்று போன் செய்தாள். சாதாரணமாகத்தான் பேசினேன். வைத்துவிட்டு, பால்கனிக் கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். காலையிலிருந்து ஐந்தாவது முறை.

ஜூன் 12

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை.

பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் மாடியிலிருந்து கீழே போட்டுவிடுவேனோ என்று வருகிறது. நினைப்புகூட இல்லை, படம். என் கைதான் விடுகிறது. வியர்த்துப்போய், அவளைத் தொட்டிலில் கிடத்திவிட்டுத் தள்ளி நிற்கிறேன். பதினான்கு வருடம் காத்திருந்து நாற்பத்திரண்டு வயதில் பெற்ற பிள்ளை. எனக்கு அவளைப் பிடிக்கவில்லையா? பிடிக்காமலா இப்படி நடுங்குகிறேன்?

பிரசவம் பார்த்த டாக்டரிடம் சொல்ல ஆரம்பித்தேன். "தூக்கம் பத்தல மேடம், எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார். அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்துவிட்டது.

ஜூன் 13

பாஸ்டரம்மாவுக்குப் போன் செய்தேன். சிறு வயதிலிருந்தே பழக்கம் அப்படி. வெட்கமான எதையும் வெளியே சொல்ல எங்களுக்கு இருப்பது ஒரே வழி, அதை ஜெபக் குறிப்பாகக் கொடுப்பது. பரீட்சை, மாதவிடாய், கலைந்த கர்ப்பம் எல்லாவற்றையும் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். "பயமா இருக்கும்மா, நானே அவளுக்கு ஏதாச்சும் பண்ணிருவேனோன்னு" என்றேன். அவர் அழுதார். என்னோடு சேர்ந்து அழுத முதல் ஆள். மனது லேசானது.

ஜூன் 14, வெள்ளி

உபவாசக் கூட்டத்துக்கு முன்னால் பெண்கள் ஐக்கிய வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"பதினான்கு வருடங்களுக்குப் பின் கர்ப்பத்தின் கனியைப் பெற்ற நம் சபைச் சகோதரி ஒருவரை, பிள்ளையைக் கொல்லத் தூண்டும் அசுத்த ஆவியிலிருந்து கர்த்தர் விடுவிக்க, பாரத்தோடு ஜெபிப்போம்."

கீழே அறுபத்திரண்டு கும்பிடும் கைகள். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பது ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை.

கூப்பிட்டுக் கேட்டேன். "பேரைப் போடலையேம்மா ஹெப்சிபா" என்றார் பாஸ்டரம்மா.

பேரைப் போடலையாம். இந்தச் சபையில் பதினாலு வருசம் கழிச்சுப் பெத்தவ எத்தனை பேரு இருக்கா? நான் பயம்னுதானே சொன்னேன்? தூண்டுதுன்னு எப்பச் சொன்னேன்? ஆவின்னு யார்கிட்டச் சொன்னேன்?

ஜூன் 15

மாமியார் உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நின்றார். அவருக்கு யார் சொன்னது? அறுபத்திரண்டில் ஒருத்தி. "மாடுகூட கன்னுக்குட்டிய நக்கிக் குடுக்கும்டி. நீ என்ன பொம்பள?" பாப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். மெர்வின் நடுவில் நின்றார். "கொஞ்ச நாளைக்குத்தான் ஹெப்சி. உனக்கும் ரெஸ்ட்டு."

கட்டின புருஷன் எனக்கு ரெஸ்ட்டு தருகிறார்.

நான் தடுக்கவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று—

ஜூன் 16, ஞாயிறு

மார் கல்லாகிவிட்டது. வாஷ்பேசினில் பீய்ச்சிவிட்டுக் குழாயைத் திறந்தேன். உசிலம்பட்டியில் அவளுக்கு டப்பாப் பால். சர்ச்சிலிருந்து வந்த மெர்வின், "எல்லாரும் உன்னைய விசாரிச்சாங்க" என்றார். விசாரிப்பாங்க. ஏன் விசாரிக்க மாட்டாங்க?

ஜூன் 17

கீழ் வீட்டு சைனப் அக்கா மேலே வந்தார். "என்னடி, ரெண்டு நாளா புள்ள சத்தத்தையே காணோம்?" சொன்னேன், முழுவதும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "எங்காளுகன்னா தாயத்துக் கட்டிருப்பாக. ஒங்காளுக வாட்ஸ்அப்புல போட்டுட்டாக. ரெண்டும் ஒண்ணுதான். மனசு டாக்டர்ட்ட போவோம், நாளைக்கு நானும் கூட வாரேன்" என்றார்.

ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன். அசிங்கமாக, மூக்கு ஒழுக.

ஜூன் 18

மனநல மருத்துவர் என்னைவிடச் சின்னவர். அவசரப்படாமல் கேட்டார். காதில் குரல் கேட்கிறதா, யாராவது செய்யச் சொல்கிறார்களா, செய்ய வேண்டும் என்று எனக்கே தோன்றுகிறதா. எதுவும் இல்லை. "அந்த நினைப்பு வந்ததும் என்ன செய்வீங்க?" கதவைப் பார்ப்பேன். திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அவளைத் தூக்குவதையே குறைத்துவிட்டேன்.

ஓ.சி.டி. என்றார். கை கழுவிக்கொண்டே இருப்பவர்களுக்குச் சொல்வது என்றுதான் நினைத்திருந்தேன். பிள்ளை பெற்ற பிறகு இப்படியும் வருமாம். "இது ஆசை இல்லங்க, பயம். அதனாலதான் இம்புட்டு நடுங்குறீங்க." மாத்திரை எழுதினார், பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். வாராவாரம் வந்து பேச வேண்டும். "பாப்பா எங்கே?" என்றார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பிரிச்சு வைக்கிறது மருந்தில்ல. பயத்துக்குத் தீனி. போய்க் கூட்டிட்டு வாங்க."

ஆக, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பதினான்கு வருடம் எத்தனை டாக்டர்கள் என் கர்ப்பப்பையை உள்ளே பார்த்தார்கள்! தலைக்குள்ளே என்னம்மா என்று ஒருத்தர் கேட்டிருந்தால் என்ன?

ஜூன் 19

டாக்டர் சொன்னதை ராத்திரியே மெர்வினிடம் சொல்லியிருந்தேன். லீவு போட்டு உசிலம்பட்டிக்குக் கூட வந்தார். வாசலிலேயே மாமியார் மறித்தார். "பச்சப்புள்ளய ஒங்கிட்டக் குடுத்துட்டு நான் எப்புடிக் கண்ணசருவேன்?"

"நீங்களும் வாங்க அத்தை. எம்புட்டு நாள் வேணாலும் இருங்க. ஆனா பாப்பா என் மடியிலதான் வரும்."

அவர் மகனைப் பார்த்தார். மெர்வின் தரையைப் பார்க்கப் போகிறார் என்றே நினைத்தேன். "குடுத்துரும்மா. டாக்டரு சொல்லிட்டாரு. அன்னைக்கு நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம். செக்கானூரணி தாண்டியதும் படம் வந்தது. ஜன்னல், என் கை, ரோடு. பக்கத்தில் இருந்த மாமியாரோடு இடம் மாற்றிக்கொள்ள வாய் வரை வந்துவிட்டது. மாறவில்லை. பாப்பா பால் குடித்துக்கொண்டே வந்தாள்.

ஜூன் 28

கதவை இன்று இரண்டு முறைதான் பார்த்தேன். மாமியார் என்னை நூறு முறை பார்த்தார்.

ஜூலை 9

ஐக்கியச் செயலாளர் போன் செய்தார். ஊர் கதையெல்லாம் பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி மருமகளுக்கு இப்பத்தான் கொழந்தை பெறந்திருக்கு. எந்நேரமும் அழுகை, புள்ளகிட்டயே போக மாட்டேங்குறா. நீ பார்த்த டாக்டரு அட்ரஸு குடேன். குரூப்புல கிரூப்புல போட்டுறாதம்மா."

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அறுபத்திரண்டில் உங்கள் கையும் ஒன்றுதானே என்று. விழுங்கிவிட்டு முகவரியைச் சொன்னேன். அந்தப் பெண் எனக்கு என்ன செய்தாள்?

கோபம் அப்படியேதான் இருக்கிறது. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாமியார் காலை பஸ்ஸில் ஊருக்குப் போனார். பாப்பாவின் துணிகளை மடித்து அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார். மெர்வின் ஆபீஸில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சின்னக் கத்தரியை எடுத்து அவளுக்கு நகம் வெட்டினேன். படம் ஒரு தடவை வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று அடுத்த விரலைப் பிடித்தேன். இடது கைச் சுண்டுவிரல் மட்டும் பாக்கி. தூங்கிவிட்டாள்.