பிந்தி வந்த படம்

அனுமந்தன்பட்டி,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

பூமாரி எழுதுகிறேன். இங்கே அத்தை, நான், கோழிகள், பூனை எல்லோரும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதை உங்கள் ரூமிலிருந்து லீவில் வந்த சின்னமனூர் ராஜபாண்டி அண்ணன் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கட்டினவரின் சுகத்தை அடுத்தவர் வந்து சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பீர்கள். அந்தப் படத்தால் வந்த கூத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் பேசுவதெல்லாம் மூன்றே பேச்சு: சாப்ட்டியா, அம்மா சாப்ட்டாகளா, சரி வைக்கட்டா. நான் வாயைத் திறந்தால் உடனே மஸ்கட்டில் சிக்னல் போய்விடுகிறது. அது என்ன ராசியோ, என் பேச்சுக்கு மட்டும் போகிறது. கடிதத்தில் அப்படி நழுவ முடியாது. கல்யாணமாகி ஒன்பது வருடமாக நாம் வாயால் பேசாமல் விட்டதை இதில் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் ராஜபாண்டி அண்ணன் கையில் இதையும், முறுக்கையும், கொஞ்சம் படங்களையும் கொடுத்து விடுகிறேன்.

முதலில் படங்கள். உத்தமபாளையத்தில் ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரிண்ட் போட்டேன். அங்கே இருந்த பையன் என்ன விசேஷம் அக்கா, காதுகுத்தா என்று கேட்டுக்கொண்டே திறந்தான். உள்ளே ஓணான். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் எந்தக் காட்டுக்குப் போய் எடுத்தீர்கள் என்று கேட்டான். எங்கள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் என்றேன். நம்பவில்லை.

பங்குனியில் நீங்கள் கிளம்பும்போது இந்த ஃபோனை என் கையில் கொடுத்து, தினமும் ஒரு போட்டோ அனுப்பு, வீட்டைப் பார்த்த மாதிரி இருக்கும் என்று சொன்னீர்கள். உங்களுக்கு வேண்டியிருந்தது என் முகம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்குத்தான் ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்தால் சிரிப்பு வந்துவிடுகிறது. அதனால் கொல்லைப்பக்கம் திருப்பினேன். பொண்டாட்டி மூஞ்சியக் கேட்டா ஓணான் மூஞ்சிய அனுப்புறாளே என்று நீங்கள் கேலி பேசினீர்கள். பேசினாலும், ஒருநாள் படம் வராவிட்டால் என்ன ஆச்சு என்று கேட்டதும் நீங்கள்தான்.

இத்தனை வருடம் அந்தக் கொல்லையில்தான் பாத்திரம் கழுவினேன், துணி துவைத்தேன். ஒன்றையும் பார்த்ததில்லை மாமா. இப்போது காலை வெயில் சுவரைத் தாண்டி இறங்கும் நேரத்தில் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சிவப்புச் சேலை கட்டினால் ஒரு குருவி வராது. அந்த வெளுத்துப்போன பச்சை நைட்டியைப் போட்டால் என்னையும் ஒரு செடி என்று நினைத்துக்கொள்கின்றன. நைட்டியோட கெடக்கிறதுக்கு இவளுக்கு ஒரு சாக்குக் கெடச்சிருச்சு என்று அத்தை சொல்கிறார்கள்.

முதல் படத்தில் இருப்பவை தவிட்டுக்குருவிகள். ஒரு வட்டிலில் தண்ணீர் வைத்தால் மொத்தக் கூட்டமும் ஒன்றாக இறங்கும், ஒன்றாகச் சண்டை போடும், ஒன்றாகக் குளிக்கும். ஒன்று மட்டும் முருங்கைக் கிளையில் உட்கார்ந்து பூனையைக் காவல் பார்க்கும். மற்றவை குளித்து முடித்த பிறகு அது இறங்கும்போது வேறொன்று மேலே ஏறும். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை, நம் தெருக் குழாயடியில் இந்த ஒழுங்கைப் பார்த்ததில்லை.

அடுத்தது செண்பகப் பறவை. கண்ணைப் பாருங்கள், ரத்தினக் கல் மாதிரி சிவப்பு. மூன்றாவது, நம் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு உருவுகிற அணில். கூடு கட்டுகிறது. நான் எட்டிப் பார்த்தால் வாயில் ஈர்க்கோடு அப்படியே நிற்கும், நான்தான் திருட வந்தவள் போல என்னை முறைக்கும். விளக்குமாறு பாதியாகிவிட்டது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான்காவது படத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். பழைய திராட்சைப் பந்தலைப் பிரித்தபோது கல்தூண்களைக் கொல்லையில் அடுக்கி வைத்தீர்களே, அதன் அடியில் ஒரு கீரிப்பிள்ளை குடியிருக்கிறது. முதல் முறை பார்த்தபோது அத்தே, கீரி, கீரி என்று கத்திவிட்டேன். கீரின்னு மொட்டையாச் சொல்லாத ஆத்தா, கீரிப்பிள்ளைன்னு சொல்லு, கோவிச்சுக்கிட்டுப் போயிரும் என்று அத்தை என் வாயைப் பொத்தினார்கள். நாளாவட்டத்தில் வெறும் பிள்ளை ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் பிள்ளை வந்துச்சா என்று கேட்பார்கள். அங்கன கல்லுக்கிட்ட நிக்குது என்பேன்.

அது இரண்டு காலில் எழுந்து நின்று, முன்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்க்கும் அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. நம் பூனை கலெக்டர் ஊரையே மிரட்டுகிறவன், அதன் முன்னால் மட்டும் சுவர் ஓரமாக நடந்து போகிறான். ஆனி மாதத்தில் அதன் வயிறு தொங்க ஆரம்பித்தது. கோழி முட்டையும் காணாமல் போக ஆரம்பித்தது. அத்தை ஒரு முட்டைக்குத் தெருவையே இரண்டாக்குகிறவர்கள் அல்லவா? கோழிகளைப் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்துவிட்டு, பிள்ளைத்தாச்சி, தின்னுட்டுப் போகட்டும் என்று தினமும் ஒரு முட்டையைத் தாங்களே கல் மேல் வைத்தார்கள். உங்கள் அம்மாவை எனக்கு இத்தனை வருடம் பாதிதான் தெரிந்திருக்கிறது.

ஐந்தாவது படம்தான் நம் மானத்தை வாங்கியது.

அன்று காலை தாய் வெளியே வந்தது. பின்னால் ஒரு குட்டி. அதன் வாலைப் பிடித்த மாதிரி இன்னொன்று. எடுத்த படத்தைப் பார்க்கக்கூட இல்லை, நம் குடும்ப குரூப்பில் போட்டு, கீழே எழுதினேன்: நம்ம வீட்டுக்குப் பிள்ளை வந்தாச்சு, ஒண்ணு இல்ல, ரெண்டு! பக்கத்தில் இரண்டு சிரிக்கிற பொம்மை வேறு. இங்கே ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கரண்ட் போனது, டவரும் போனது. நான் ஃபோனை அலமாரியில் வைத்துவிட்டு வெங்காயம் பிடுங்கப் போய்விட்டேன். எழுத்து மட்டும் போய்ச் சேர்ந்ததும், படம் வழியிலேயே சுற்றிக்கொண்டு நின்றதும் எனக்கு எப்படித் தெரியும்? கீரி என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால், உங்கள் தங்கச்சி மாரீஸ்வரி மயிலாடும்பாறையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து நிற்கிறாள். கையில் மல்லிகைப்பூ, பழம், வளையல். மதினி, வெயில்ல எங்கன போயித் தொலைஞ்சீக, இந்த நேரத்துல குனிஞ்சு நிமிரலாமா என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அவள் சொன்னதைக் கேட்டு அத்தை அதற்குள் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைப்பதாக நேர்ந்துவிட்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வருகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது, நான் உட்காரக்கூட இல்லை, சிக்னல் வந்துவிட்டது. எல்லோர் ஃபோனிலும் படம் இறங்கியது.

மாரீஸ்வரி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். வளையலைத் திரும்ப எடுத்துப் போகவும் முடியாமல், போடவும் முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், பாவம். நான் ஃபோனோடு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது, இனி எந்த முகத்தோடு வெளியே போவேன் என்று இருந்தது.

அத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? பித்தளைப் பானையை எடுத்து விளக்கினார்கள். மகளை வெல்லம் தட்டச் சொன்னார்கள். சாயங்காலம் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். எங்க வீட்டுல கீரிப்பிள்ளை ரெண்டு குட்டி போட்டுருக்கு, நேந்தது நேந்ததுதான், கையை நீட்டுங்க என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். சிரிக்கலாம் என்று வாசலுக்கு வந்தவர்களும் வாய் நிறையப் பொங்கலோடு உள்ளே போனார்கள். மறுநாள் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனுஷி மாமா அவர்கள். காலில் விழலாம் போல இருந்தது, விழுந்தால் திட்டுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

இனி உங்கள் விஷயம்.

ராஜபாண்டி அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். செய்தியைப் பார்த்ததும் நீங்கள் கிரேனிலிருந்து இறங்கி ஓடிவந்தீர்களாம். சமையல்கார மலையாளத்துச் சேட்டனைத் தூக்கிச் சுற்றினீர்களாம். ரூமில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தீர்களாம். படம் வந்த பிறகு கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தவர் மறுநாள் வேலைக்குத்தான் எழுந்தீர்களாம். அண்ணன் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கீரிக்குட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஆனால் அவர் சொல்லாத ஒன்றும் எனக்குத் தெரியும். அந்த மத்தியானத்தில் நீங்கள் எனக்குக் குரல் பதிவு அனுப்பினீர்கள். பிறகு அழித்துவிட்டீர்கள். அழிப்பதற்கு முன்னால் நான் கேட்டுவிட்டேன் மாமா. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று காதில் வைத்துக் கேட்டேன். ஏ பூமாரி, நெசமாவா, ரெண்டா என்று கேட்டீர்கள். ஒண்ணுக்கு நீ பேரு வையி, ஒண்ணுக்கு நான் எப்பவோ பேரு யோசிச்சு வச்சிட்டேன் என்றீர்கள். அதைச் சொல்ல வாயெடுத்தீர்கள். அதற்குமேல் அழுகைதான். ஒன்பது வருடத்தில் நீங்கள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னொரு முறை கேட்கலாம் என்று தொட்டால், அழிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது.

இத்தனை காலமும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? தேனி ஆஸ்பத்திரியில் இனி முடியாது என்று சொன்ன அன்று, பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு நீ போதும் பூமாரி, பிள்ளையெல்லாம் எதுக்கு என்றீர்கள். அதை உண்மை என்று நம்பினேன். ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்போமா என்று இரண்டு முறை ஃபோனில் ஆரம்பித்தபோதும் நமக்கு எதுக்கு என்றீர்கள். இவருக்கு விருப்பமில்லை, நாமும் ஆசையைக் காட்டக் கூடாது என்று நானும் சிரித்துக்கொண்டே இருந்தேன். எனக்காக நீங்கள் வேண்டாம் என்றிருக்கிறீர்கள், உங்களுக்காக நான் வேண்டாம் என்றிருக்கிறேன். கெட்டிக்காரப் புருஷன் பெண்டாட்டிதான் நாம்!

அத்தையும் இதில் சேர்த்தி. பொங்கலுக்கு மறுநாள் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், ஒரு பிள்ளையக் கொண்டாந்து வளத்தா என்னா, நீங்க ரெண்டு பேரும் வேண்டாங்கிறீகளேன்னுதான் நானும் வாயத் தொறக்கல என்றார்கள். மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒரே ஆசையை ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருக்கிறோம்.

எனக்கு ஆசை இருக்கிறது மாமா. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். தேனிக்குப் போய் விசாரித்துவிட்டேன். முறைப்படி பதிந்து வைத்துக் காத்திருக்க வேண்டுமாம். வருடக்கணக்கில் ஆனாலும் ஆகுமாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சம்மதம் இருந்தால்தான் எதுவும் நடக்குமாம். என் சம்மதத்தை இந்தக் கடிதத்தில் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒரு மணி நேரமாவது உங்களுக்கு அந்தச் சந்தோஷம் கிடைத்ததே என்று நினைக்கிறேன், பிறகு அதையும் நானே பிடுங்கிவிட்டேனே என்றும் நினைக்கிறேன். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டுதான் பாத்திரம் கழுவுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிரேனில் ஏறும்போது மனதை எங்கேயும் விடாதீர்கள். வெயிலில் தண்ணீர் நிறையக் குடியுங்கள். முறுக்கைச் சேட்டனுக்கும் கொடுங்கள். அத்தை தினமும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் விளக்கேற்றுகிறார்கள், நானும்.

இதைப் படித்ததும் ஃபோன் செய்யுங்கள். அழுகை வந்தால் வரட்டும், என் காது கேட்க அழுங்கள், எனக்கும் கூட அழ ஒரு ஆள் வேண்டும். சரி என்று சொல்ல வாய் வராவிட்டால் சொல்ல வேண்டாம். எப்பவோ யோசித்து வைத்திருக்கிறீர்களே, அந்தப் பெயரை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்,
பூமாரி