கதிரவேலு என்ற பெயருக்குக் கீழே ஒரு சிலுவை

3 நவம்பர், திங்கள்

காலையிலிருந்து மழை. முழங்கால் வலி. போர்க் கல்லறைகளைப் பார்க்கும் அலுவலகத்திலிருந்து பதில். எட்டு மாதம் காக்கவைத்து ஒரே ஒரு பக்கம். "வருந்துகிறோம்." வருந்தட்டும்.

குஞ்சியப்பு கதிரவேலுவின் கல்லறைக் கல்லில் இருக்கும் சிலுவையை எடுக்க முடியாதாம். விமானப்படையில் சேரும்போது அவர் நிரப்பிய படிவத்தின் நகலும் உள்ளே. மதம்: கிறிஸ்தவம். அவரே எழுதியது. அப்பாவின் எழுத்தைப் போலவே சாய்ந்த எழுத்து. வேறு சான்று இருந்தால் அனுப்பலாமாம்.

சாப்பிடவில்லை.

4 நவம்பர், செவ்வாய்

பதிலுக்குக் குறிப்பு:

— கதிரவேலு, என் அப்பாவின் கடைசித் தம்பி. யாழ்ப்பாணம். சைவக் குடும்பம். (ஒரு கிறிஸ்தவனுக்கு இந்தப் பெயரை யார் வைப்பார்கள்? மடையர்கள்.)

— இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் தானாகப் போய்ச் சேர்ந்தவர். குண்டுவீச்சு விமானத்தின் வாலில் துப்பாக்கிக்காரர். கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக, பின்பக்கம் பார்த்தபடி. பரசூட்டைக் கட்டிக்கொண்டு இருக்க இடமில்லை. அது கதவுக்கு அப்பால் தொங்கும்.

— ஐந்தாவது பறப்பு. ஹம்பேர்க்குக்கு மேலே சுடப்பட்டு விழுந்தது. வயது 21. ஊருக்குப் போனது "காணவில்லை" என்ற தந்தி. நான் அப்போது பிறக்கவில்லை. இதே ஹம்பேர்க்கில் பத்து வருடம் ஹோட்டல் பாத்திரம் கழுவிய பிறகுதான் அவர் இங்கே கிடப்பது எனக்குத் தெரிந்தது.

— பயிற்சிக் காலத்தில் அப்பாவுக்கு எழுதிய கடிதம். "அண்ணை, கந்தசஷ்டிக்கு எனக்கும் சேர்த்து விரதம் பிடியுங்கோ. இங்கே பன்றி இறைச்சியை விட்டால் முட்டைத் தூள்தான்." அப்பா வருடாவருடம் சஷ்டிக்கு அதை வாசிப்பார்.

கடிதம் இப்போது இல்லை. வீட்டோடு போயிற்று. யாழ்ப்பாணத்து வீடும் விமானக் குண்டில்தான் போனது. இதை எழுதினால் சான்று ஆகுமா? ஆகாது.

6 நவம்பர், வியாழன்

ஸ்டேஷனடித் தமிழ்க் கடை. முருங்கைக்காய் வாங்கப் போனேன். முதலாளி துரைக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும்.

"என்னண்ணை, குண்டு போட்டவருக்குச் சிலுவை வேண்டாமாம், சூலம் வேணுமாம்?"

"குண்டு போட்டது வேறை ஆள். இவர் வாலிலை."

"வாலிலை இருந்தா என்ன, தலையிலை இருந்தா என்ன? இந்த ஊரைத்தானே எரிச்சவை. ஜேர்மன்காரன் அந்தக் கல்லை உடைக்காமல் விட்டு வச்சிருக்கிறானே, அதுக்கு ஒரு கும்பிடு போடுங்கோ."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முருங்கைக்காயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எரிந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். எனக்குத் தெரியாதா? குண்டுக்குக் கீழே படுத்தவன் நான். அது வேறு வழக்கு. கல் வேறு.

9 நவம்பர், ஞாயிறு

வெயில் எட்டிப் பார்த்தது. கோயிலுக்குப் போகவில்லை. போக முகம் இல்லை.

ஒரு சான்று இருக்கிறது. அலுமாரியில், அடித்தட்டில். ஒருவருக்கும் காட்டாதது.

அகதி முகாமில் அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், நிரப்பும்போது பக்கத்துக் கட்டில்காரன் சொன்னான்: "கிறிஸ்தவன் எண்டு போடுங்கோ அண்ணை, வெள்ளைக்காரன் இரங்குவான்." போட்டேன். கத்தோலிக்கன். ஒருவரும் இரங்கவில்லை. வேலை கிடைத்ததும், இந்த நாட்டில் சபையில் பதிந்தவர்களுக்கு உள்ள தேவாலய வரியைச் சம்பளத்தில் பிடிக்கத் தொடங்கினார்கள். பொய் என்று சொன்னால் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம். எட்டு வருடம் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் லீவு போட்டு, அலுவலகத்தில் கையெழுத்து வைத்து வெளியேறினேன். சேராத சபையை விட்டு வெளியேறியதற்கு முத்திரை குத்திய சான்றிதழ்.

படிவத்தில் மனிதன் எழுதுவது தன்னை உள்ளே எடுக்க வேண்டும் என்பதற்காக. வேறு எதற்கும் இல்லை. குஞ்சியப்புவும் அப்படித்தான். இதைவிடச் சான்று என்ன வேண்டும் இவர்களுக்கு?

மதம் மாறியவர்களைக் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று ஏசுவதில் நான்தான் முதல் ஆள். எழுதித்தான் வைக்கிறேன் இங்கே.

11 நவம்பர், செவ்வாய்

மகள் சுமதி வந்தாள், என் பதில் கடிதத்தின் ஜேர்மனைத் திருத்த. சான்றிதழைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்பா, நீங்கள் கத்தோலிக்கரா இருந்தனீங்களோ?"

"இருக்கேல்லை. எழுதினனான்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"சம்பளத் துண்டைப் பாத்துக் கண்டுபிடிச்சவளே அவதான். சாகுமட்டும் மூச்சு விடேல்லை."

"அகதி அன்ட்ராக்கிலை பொய் எழுதினனான் எண்டு நீங்களே கையெழுத்து வச்சு அனுப்பப் போறியளோ? பாஸ்போட்டிலை கை வச்சா?"

"எழுபத்தாறு வயதிலை எங்கை பிளேன் ஏத்தப் போறாங்கள்? ஏத்தட்டும்."

"கோயில்லை தெரிஞ்சா?"

சான்றிதழை மடித்துக் கடிதத்தோடு வைத்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கோவிக்காதேங்கோ. சஷ்டிக் கடிதம் பயிற்சியிலை எழுதினதுதானே. பறக்கத் தொடங்கினாப் பிறகு அவர் உண்மையாவே மாறியிருந்தா?"

"வாயை மூடு."

மூடினாள். நான் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாப்பிடாமல் போனாள்.

பறக்கத் தொடங்கிய பிறகு அவர் எழுதியதில் குளிர் மட்டும்தான் என்று அப்பா சொல்வார். கையுறைக்கு மேல் கையுறை. கண் இமையில் பனி. சாமி பெயர் எதுவும் இல்லை.

13 நவம்பர், வியாழன்

மழை விட்டிருக்கிறது. சுமதி அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நின்று பேசவில்லை. வேலைக்கு நேரமாம்.

என் பிழைகளை எல்லாம் திருத்தியிருக்கிறாள். பாஸ்போட் பயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. சான்றிதழின் நகலையும் அவளே ஊசி அடித்துச் சேர்த்திருக்கிறாள். ஆனால் "இறக்கும்வரை சைவராகவே இருந்தார்" என்று நான் எழுதியதற்குப் பின்னால் ஒன்றைக் கூட்டியிருக்கிறாள்: "குடும்பத்துக்குத் தெரிந்தவரை."

மூன்று தரம் வாசித்தேன். அவள் சொல்வது சரி. அந்தக் கூண்டில் பக்கத்தில் ஒருவரும் இல்லை. விழும்போது யாரைக் கூப்பிட்டாரோ, கேட்டவர் இல்லை.

பேனாவை எடுத்து அவள் கூட்டியதை அடித்தேன். தடிப்பாக, ஒரு எழுத்தும் தெரியாமல்.

தபாலில் போட்டாயிற்று.