விடைத்தாள் தலையில் ஒரு சுழி

என் கன்னியம்மா அக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் ஆரம்பிக்கத் தெரியும். உன்னிடம் அதைக் கேட்கலாமா கூடாதா என்று தெரியாமலே ஆறு மாதம் தள்ளிப்போட்டுவிட்டேன். இங்கே எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். சிவப்பு மாடு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன் வீட்டுக்காரர் ரசம் வைக்கப் பழகிவிட்டார். இப்போதெல்லாம் அதைக் குடிக்கவும் முடிகிறது.

உனக்குப் படிக்கத் தெரியாது. வந்த கடிதாசியை எல்லாம் நான்தான் உனக்குப் படித்துச் சொல்வேன். இதைப் பத்திரிகைக்கு அனுப்பினால் யாராவது ஒருத்தர் வாய்விட்டுப் படிப்பார்கள், உன் காதில் விழும் என்று ஒரு நினைப்பு. பைத்தியக்கார நினைப்புதான். இருக்கட்டுமே.

பி.ஏ. முதல் வருஷத்தோடு காலேஜை விட்டுவிட்டு உனக்கு ஓரகத்தியாக வந்தவள் நான். ஏழு வருஷம் கழித்து, இடுப்பில் ஒரு பிள்ளை, பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் என்று இருக்கும்போது, அஞ்சல் வழியில் மறுபடி முதல் வருஷத்திலிருந்து படிக்கிறேன் என்றேன். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னது நான்தான். பால் பொங்குவதற்குள் படித்தது மறந்துபோகிறது, இந்த மண்டையில் இனி ஏறாது என்று பாடக் கட்டை எத்தனை தடவை பரண்மேல் தூக்கிப் போட்டேன்? எத்தனை தடவை நீ ஏணி வைத்து இறக்கினாய்?

நீ விதைக்கடலை உரிப்பாய், நான் சரித்திரம் படிப்பேன். ராஜாக்களைப் பற்றி நீ கேட்ட கேள்விகளுக்கு எந்தப் பாடத்திலும் பதில் இல்லை. "வருசம் பூரா சண்டையிலயே கீறானே, இவன் ஊர்ல நாத்து நட்டது யாரு?" என்றாய் ஒருநாள். அதற்கு நான் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த ஒரே எழுத்து பிள்ளையார் சுழி. மளிகைச் சீட்டானாலும் கல்யாணக் கடிதாசியானாலும் நீ தாளை வாங்கி, நாக்கைத் துருத்திக்கொண்டு, தலையில் ஒரு 'உ' போட்டுக் கொடுத்தால்தான் நான் எழுதலாம். நான் எழுதிப் பழகின விடைகளுக்கும் அப்படித்தான். அது இல்லாமல் எழுத என் கைக்கே வராமல் போய்விட்டது.

மாசியில் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. சித்திரையில் பரீட்சை. அந்த மூன்று மணி நேரமும் பிள்ளையை நீ பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. நீயே இல்லை என்றானதும் நான் போகப் போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். பரீட்சை அன்று காலையில் உன் வீட்டுக்காரர் வேட்டி மாற்றிக்கொண்டு, என் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். நீ கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் ஒரு பிள்ளையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாயா? புறப்பட்டுவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் காலேஜ் வாசலில் நின்ற ஆள், யாருக்குத் துணையாக வந்தீர்கள், துணைக்கு வந்தவர்கள் வெளியே நிற்கணும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அக்கா. அப்படியே திரும்பிவிடலாம் பார். கூட வந்த உன் வீட்டுக்காரர், மாமாதான் விடவில்லை.

"எழுதப் போறது இந்தப் பொண்ணுதான். தொணைக்கு வந்தது நாங்க ரெண்டு பேரு" என்றார், தோளிலிருந்த பயலையும் சேர்த்து.

அன்று சரித்திரம். ஐந்து கேள்விக்கும் நிறுத்தாமல் எழுதினேன். என் கைதானா என்று எனக்கே சந்தேகம். வெளியே வந்ததும் பக்கத்து பெஞ்சுப் பெண் ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். விடைத்தாளில் நம்பரைத் தவிர வேறு எந்தக் குறி போட்டாலும் தாள் செல்லாதாம். முதல் பக்கத்தின் தலையில் அட்சர சுத்தமாக ஒரு சுழி போட்டுவிட்டல்லவா ஆரம்பித்திருக்கிறேன்!

மரத்தடியில் மாமாவிடம் சொல்லி அழுதேன். அவர் பயலைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"அவ போடுவாளே, அதுவா?"

தலையாட்டினேன்.

"போட்டா போட்டதுதான். நாளைக்கு இன்னா பரிச்சை?"

நாளைக்கு இங்கிலீஷ். அதற்கும், பிறகு வந்தவற்றுக்கும் போனேன். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுழி போடாமல் எழுதினேன்.

ரிசல்ட் வருவதற்கு முன்பே இரண்டாம் வருஷத்துக்கு மனு அனுப்ப வேண்டும். உன் கொழுந்தன், அதுதான் என் வீட்டுக்காரர், கேட்கும்போதெல்லாம், சரித்திரத்தாள் செல்லுமோ செல்லாதோ, பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி நாள் நெருங்கியது. ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. சுழியால் தோற்றால் பரவாயில்லை என்று உள்ளுக்குள் நான் நிம்மதியாக இருக்கிறேன்! என் மண்டையைக் குற்றம் சொல்ல வேண்டாம் பார். நீ இல்லாத நேரத்தில், பழியை உன் தலையில் போட்டுவிட்டுப் படிப்பை விடப் பார்த்திருக்கிறேன். எனக்கே வெட்கமாகிவிட்டது. வாளியை அப்படியே வைத்துவிட்டு, மனுவை எழுதி, உத்திரமேரூர் போஸ்டாபீசில் நானே போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆடியில் ரிசல்ட் வந்தது. சரித்திரத்தில் பாஸ், அக்கா. நல்ல மார்க். திருத்தினவர் சுழியைப் பார்க்கவில்லையோ, பார்த்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டாரோ. மற்றதெல்லாமும் பாஸ். ஒன்றே ஒன்றில் கோட்டை விட்டேன். இங்கிலீஷில். காலேஜ் இங்கிலீஷ் என்று இந்த ஊரில் யாரிடம் நான் பீற்றிக்கொள்ளவில்லை? எல்லாருக்கும் தந்தி எழுதிக் கொடுத்தவள் நான்!

உன் கொழுந்தன் என் முகத்தையே பார்க்கிறார். மாமா நிதானமாகக் கேட்டார்:

"அதுல சுழி போடல இல்ல?"

"இல்ல மாமா."

"அதான்."

முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. நீ போனபின் இந்த வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

முன்பென்றால் பாடக் கட்டைப் பரண்மேல் போட்டிருப்பேன். அன்று சாயங்காலமே மறுபரீட்சைக்குப் பணிவுடன் கேட்டுக்கொண்டு ஒரு மனு எழுதினேன். ஐப்பசியில் பரீட்சை. இரண்டாம் வருஷப் பாடக் கட்டும் வந்துவிட்டது. இனிமேல் பயப்பட மாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்தால் அது பொய். பயம் வரும். எனக்கு முன்னாலேயே எழுந்து தலைவாரிக்கொண்டு நிற்கும். அதையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன், அக்கா. இந்தச் சத்தியம் செல்லும்.

இப்படிக்கு,
உனக்குப் பின்னால் இந்த வீட்டுக்கு வந்த சின்ன மருமகள்,
உன் ஓரகத்தி விசாலம்